கொடிக்காலில் மேய்ந்த நிழல்கள்

கொழுந்துப்பட்டிக்கு மான்களின் நிழல்கள் மேய வந்தது ஒரு சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, உச்சிப்பொழுதில். அன்றைக்கு ஒச்சம்மாள் வழக்கம்போலக் கொடிக்கால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெற்றிலை கிள்ள உள்ளே நுழைந்தபோது, பதினோராவது பாத்தியில் அகத்தி மரங்கள் தரையில் விரித்திருந்த நிழலை, மானே இல்லாத ஒரு மானின் நிழல் தலைகுனிந்து மேய்ந்துகொண்டிருந்தது.

கொம்பு இருந்தது, காது இருந்தது, அந்தக் காது ஈயை விரட்டி அசைவதும் இருந்தது. மேனி முழுவதும் நிழலுக்குள் புள்ளி புள்ளியாய் வெளிச்சம் இருந்தது. உடம்பு மட்டும் எங்கும் இல்லை. அது ஒரு வாய் கடித்த இடத்தில் ஒரு வாய் அளவுக்கு வெயில் விழுந்தது. வெற்றிலைக் கொடி வெயில் தாங்காது என்பதும், அதனால்தான் அகத்தியை நெருக்கி நட்டு அதன் நிழலில் கொடியை ஏற்றுகிறார்கள் என்பதும், நிழல் போனால் கொடிக்கால் போயிற்று என்பதும் அந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். ஒச்சம்மாள் ஒரு மண்கட்டியை எடுத்து வீசினாள். கட்டி நிழலின் வயிற்றுக்குள் விழுந்து உடைந்தது. நிழல் தலையைத் தூக்கி அவளைப் பார்த்துவிட்டு, அசைபோட்டபடியே அடுத்த அகத்தியின் அடிக்கு நகர்ந்தது.

"ஏய், போ! போங்கறேன்ல!" என்றாள் அவள்.

அவள் பயப்படவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் நாற்பதைக் கொடிக்காலுக்குள்ளேயே கழித்தவள். வாடல் வந்து பார்த்தவள், பூச்சி வந்து பார்த்தவள், கிணறு வற்றிப் பார்த்தவள். இதுவும் ஒரு சீக்கு, இதற்கும் ஒரு மருந்து இருக்கும் என்று எண்ணிக்கொண்டு, அன்றைய வெற்றிலையை நூறு நூறாக அடுக்கிக் கவுளி கட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் வந்து பார்த்தபோது, நிழல் கடித்த இடத்துக்கு நேரே இருந்த இலைகளெல்லாம் இஸ்திரிப் பெட்டி பட்ட துணிபோலப் பழுப்பேறிக் கிடந்தன. வாரம் முடிவதற்குள் முப்பதுக்கும் மேற்பட்ட நிழல்கள் ஊருக்கு மேலே நிற்கும் ஊத்துக்கரடு என்ற குன்றின் சரிவிலிருந்து இறங்கி, வண்டிப்பாதையைக் கடந்து, வரிசை கலையாமல் கொடிக்கால்களுக்குள் புகுந்தன.

மேய்ந்த நிழல் மூன்று நாளில் மறுபடியும் துளிர்த்தது என்பது உண்மைதான். ஆனால் மூன்று நாள் வெயிலைத் தாங்குகிற வெற்றிலைக் கொடியை எந்த ஊரில் கண்டீர்கள்?

மனிதர்கள் எதற்கும் பழகிக்கொள்வார்கள் என்பதைப் பெருமையாகச் சொல்வோர் உண்டு. இந்தக் கதையைக் கேட்ட பிறகு அவர்கள் சற்று யோசிக்கட்டும். கொழுந்துப்பட்டி பதினைந்து நாளில் பழகிக்கொண்டது. பஸ் நிறுத்தத்துப் புளியமரத்தடியில் கூடிய ஊர்க்கூட்டம், பேச்சு நடுவில் இருக்கும்போதே நிழல் மேயப்பட்டுவிட, எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய், அங்கிருந்தும் எழுந்து, ஒரே நாளில் ஏழு மரம் மாறியது. முடிதிருத்துகிறவர் நாற்காலிக்குச் சக்கரம் பூட்டினார். குடை பிடித்துப் போனவர்களின் குடைநிழலை நடுவழியில் நிழல்கள் கடித்துவிட, குடைக்கு மேலே அடித்த வெயில் குடைக்குக் கீழேயும் அடித்தது; பிறகு யாரும் குடையைத் தொடவில்லை. கல்யாணப் பந்திகள் காலை ஏழு மணிக்குள் முடிந்தன. தாமதமாக வந்தவன் 'வழியில் நிழல் மேய்ந்துவிட்டது' என்று சொன்னால், அதற்குமேல் யாரும் காரணம் கேட்பதில்லை.

பயிர்ச்சேதம் பார்க்க ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனிதர், வெயிலில் நின்றே படிவத்தை நிரப்பினார்.

"காலடித் தடம் இருக்காம்மா?"

"நெழலுக்கு ஏதுங்கய்யா தடம்?"

"சாணி, முடி, ஏதாவது?"

"நெழலு சாணி போடுமாய்யா?"

"அப்ப வனவிலங்குச் சேதம்னு எழுத முடியாதே."

"பெறகு என்னன்னுதான் எழுதுவீக?"

அதிகாரி பேனாவை நெற்றியில் தட்டி நெடுநேரம் யோசித்தார். காரணம் என்ற கட்டத்தில் 'வெயில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

பக்கத்துக் கொடிக்கால்காரர் சிக்கந்தர் ராவுத்தர் இளகிய மனசுக்காரர். தெரு நாய்க்கும் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக் கொடுப்பவர். அவர்தான் அந்த யோசனையைச் சொன்னார்.

"தாகத்துக்குத் தண்ணிப் பந்தல் வைக்கிறோமா இல்லையா தங்கச்சி? பசிக்கு ஒரு நெழல் பந்தல் வச்சா என்னா? கரட்டு அடிவாரத்துல தென்னங்கீத்தை வேய்ஞ்சு விட்டுருவோம். அதுகபாட்டுக்கு அங்கனயே தின்னுட்டு அப்படியே போயிரும். நம்ம கொடிக்கால் பக்கம் எட்டிக்கூடப் பாக்காது."

நிழலையே செல்வமாக எண்ணி வாழ்ந்த ஊருக்கு இதைவிட உயர்ந்த தருமம் தோன்றியிருக்க முடியாது. ஒரே நாளில் நாலு பந்தல் எழுந்தது; ஊர்த் தலைவர் மொக்கச்சாமி மாலை போட்டுக்கொண்டு திறந்துவைத்தார்; ஒச்சம்மாளும் தன் பங்குக்கு முப்பது கீற்றுச் சுமந்தாள். நிழல்கள் வந்தன, தின்றன, மை கொட்டியதுபோலக் கறுத்துக் கொழுத்தன. கொழுத்தவை இன்னும் கேட்டன. பந்தலில் மிச்சமில்லாதபோது கொடிக்காலுக்கு வந்தன. முன்பு முப்பது வந்த இடத்தில் அறுபது வந்தன. ஆனி பிறந்தபோது ஒச்சம்மாளின் இருபத்துநாலு பாத்தியில் ஒன்பதுதான் பச்சையாக நின்றது.

செல்லையா வந்தது அப்போதுதான். ஊத்துக்கரடு ஊருக்குச் சொந்தமானது. அதற்கு ஊர் வைத்த காவல்காரன் அவன். வாரம் ஒருமுறை அரிசி வாங்க இறங்குகிறவன், அன்றைக்கு அரிசிப் பையோடு கொடிக்கால் வாசலில் வந்து நின்றான்.

"யக்கா, ஒங்க ஊர்ல நெழலெல்லாம் நல்லாக் கொழுத்துருக்கே."

"ஏன் சொல்ல மாட்ட? தின்னுறது என் கொடிக்கால்ல."

"நெழலைத் தின்னா நெழலுதேன் கொழுக்கும். மானுக எப்படியிருக்குன்னு ஊர்ல ஒரு ஆளாச்சும் மேல வந்து பாத்தீகளா?"

அவளுக்குச் சுருக்கென்றது. பார்க்கவில்லை. கீழே மேய வந்ததைப் பற்றி ஊர் ஆயிரம் பேசியது. மேலே எது மேயாமல் கிடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அவனோடு அப்போதே ஏறினாள்.

அவள் அந்தக் கரட்டில் ஏறிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பதினோரு வருடத்துக்கு முன்னால் மேலே மூன்று வெட்டவெளிகள் கிடந்தன: மரமில்லாத, புல் மட்டும் இருந்த, வெயில் நேராக அடிக்கும் இடங்கள். நிழலில் பிழைக்கிறவர்களின் கண்ணுக்கு அவை மொட்டைத் தலையாகத் தெரிந்தன. ஊருக்கே அவமானமாகத் தெரிந்தன. ஒச்சம்மாள்தான் நாற்பது பெண்களைத் திரட்டினாள். எது சீக்கிரம் வளரும், எது அடர்த்தியாக நிழல் தரும் என்று கேட்டு, பூப் பூத்தால் மலையே பொன்னாகும் என்று யாரோ சொன்ன அந்நிய மஞ்சக்கொன்றையைத் தேர்ந்தாள். கொடிக்காலில் அகத்தி நடுவதுபோலவே, நூல் பிடித்து, சாண் இடம் விடாமல் நட்டாள். விழா எடுத்துக் கேடயம் கொடுத்தார்கள். அந்தக் கேடயம் இன்னும் அவள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

இப்போது அந்தக் கொன்றைகள் வானத்தை மூடியிருந்தன. உள்ளே நுழைந்ததும் குளிர்ந்தது. அவளுடைய முதல் எண்ணம், ஐயோ, எவ்வளவு நல்ல நிழல் என்பதுதான். பிறகுதான் தரையைப் பார்த்தாள். தரையில் ஒன்றுமில்லை. ஒரு புல் இல்லை, ஒரு பூண்டு இல்லை. உதிர்ந்த கொன்றைச் சருகும், ஓரங்களில் முள்ளோடு மண்டிய உண்ணிச்செடியும் மட்டும் கிடந்தன. அந்த அழகான நிழலின் நடுவில் மான்கள் நின்றன. விலா எலும்பை எண்ணலாம்போல, இடுப்பு எலும்பில் துணி காயப்போடலாம்போல நின்றன. ஒரு பெண்மான் கொன்றைப் பட்டையைப் பல்லால் சுரண்டி, துப்பி, மறுபடியும் சுரண்டியது.

"எலையைத் தின்னாதா?" என்று மெல்லக் கேட்டாள்.

"இந்த எலையை ஆடே தொடாதுக்கா. மானு எங்கிட்டுத் தொடும்?"

"இதுகளுக்கு நெழலே இல்லையே செல்லையா."

"வெயிலே விழாத எடத்துல நெழலுக்கு என்னக்கா சோலி? நம்ம ஊர்ப் பயலுக திருப்பூருக்குப் போகல? அது மாதிரி பொழைக்கப் போயிருச்சுக. போனதுக அங்கன நல்லாத் திங்குதுக. வீட்டுக்குத்தேன் ஒண்ணும் வந்து சேரல."

ஒச்சம்மாள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தாள். அந்த மரத்தை அவளுக்குத் தெரியும். முதல் குழியில் தன் கையால் நட்டது. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் செய்த தீமையைப்போலக் கண்ணுக்கு மறைவது வேறொன்றும் இல்லை, ஐயாமார்களே, அம்மாமார்களே. கெட்டதைச் செய்தவன் இரவில் விழிக்கிறான். நல்லது செய்ததாக நம்புகிறவன் குறட்டை விட்டுத் தூங்குகிறான். ஒச்சம்மாள் பதினோரு வருடம் தூங்கியிருந்தாள். விழித்தவள் அழவில்லை. எழுந்து சேலையில் ஒட்டிய சருகைத் தட்டினாள்.

"நாளைக்கு ஊர்க்கூட்டம். நீயும் வா" என்றாள்.

கூட்டம் அரைநிழலும் அரைவெயிலுமாகக் கூடியது. அவள் நடுவில் நின்று, கண்டதைக் கண்டபடி சொன்னாள். சொல்லிவிட்டு, "அது நான் நட்ட மரம். அதை நானே எடுக்கப் போறேன். வர்றவுக வாங்க. வராதவுக, அடிவாரத்துல வச்ச அந்தப் பந்தலையாச்சும் பிரிங்க" என்றாள்.

மொக்கச்சாமி துண்டை உதறிப் போட்டார். "என்னத்தா பேசுற? பதினோரு வருசம் வளந்த மரம். வெட்டுனா பாவம் இல்லையா? நாளைக்கு நம்மளை யாராச்சும் மனுசன்னு மதிப்பானா?"

"பச்சையா இருக்கிறதெல்லாம் காடுன்னு நெனச்சதுதேன் பாவம்."

"நெழலு நல்லதுன்னு நமக்குச் சொல்லிக் குடுத்தவளே நீதானே!"

"ஆமா, நாந்தேன். வெத்தலைக்கு நல்லது. மானு என்ன வெத்தலைக் கொடியா, நெழல்ல வளர?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். யாரோ, "கேடயத்தைத் திருப்பிக் குடுத்துருவியா ஆத்தா?" என்று கேட்டார்கள். ஒருவரும் எழுந்து வரவில்லை.

கொடிக்கால் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கடைசி வழி உண்டு. கொடியை அகத்தியிலிருந்து பிரித்து, சுருட்டி, சேற்றுக் குழியில் படுக்கவைத்து, நுனி மட்டும் தெரிய மண் போட்டு மூடிவிட்டால், அது நிழல் கேட்காது, அதிகம் தண்ணீர் கேட்காது, உறங்கும். அந்தக் காலம் முழுவதும் ஒரு இலை கிடைக்காது. நெடுநாள் உறங்கினால் வேர் அழுகிச் செத்தும் போகும். ஒச்சம்மாள் எஞ்சியிருந்த ஒன்பது பாத்தியையும் இரண்டு நாளில் இறக்கிப் படுக்கவைத்தாள். மூன்றாம் நாள் காலையில் அரிவாளும் கடப்பாரையுமாகக் கரட்டில் ஏறினாள்.

முதல் மரத்தை வெட்டினாள். பத்து நாளில் அந்த அடிமரத்திலிருந்து இருபது கொம்பு கிளம்பியது. அதையும் வெட்டினாள். நாற்பது கிளம்பியது. அப்போதுதான் வெட்டுவதை நிறுத்திவிட்டு, மரம் நின்றபடியே பட்டுப்போகட்டும் என்று, தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குப் பட்டையைச் சுற்றிலும் உரித்தாள். சின்னவற்றை வேரோடு நெம்பிப் பிடுங்கினாள். உண்ணிச்செடியின் முள் கையைக் கிழிக்கக் கிழிக்க அதையும் தூரோடு தோண்டினாள். நாளொன்றுக்கு ஆறு மரம், ஏழு மரம். இருப்பது எத்தனை என்று அவள் எண்ணவில்லை. எண்ணினால் கை நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

பட்டை உரிக்கத் தொடங்கிய ஒன்பதாம் நாள், வெற்றிலை இல்லாததால் கிள்ளும் வேலையும் இல்லாமல் போன இரண்டு பெண்கள் ஏறி வந்தார்கள். அடுத்த வாரம் சிக்கந்தர் ராவுத்தர் மூச்சு வாங்க வந்து நின்றார், தோளில் கடப்பாரை.

"பந்தலைப் பிரிச்ச கையோட வந்துட்டேன் தங்கச்சி. ஒரு யோசனை சொல்லவா?"

"வேணாம்ணே. ஒங்க யோசனையில ஏற்கெனவே அறுபது நெழலு கொழுத்துருக்கு."

"சரி, சரி. பட்டையை உரிக்கிறேன். வாயை மூடிக்கிறேன்" என்றவர், கடப்பாரையைப் போட்டுவிட்டு அவளுடைய அரிவாளை வாங்கி வேலையில் இறங்கினார். வாயை மட்டும் அவரால் மூட முடியவில்லை. அவருடைய பேச்சைக் கேட்கவே பாதி ஊர் மேலே வந்தது என்று பிறகு சொன்னார்கள்.

ஐப்பசி மழைக்குள் மூன்று வெட்டவெளிகளில் ஒன்று திறந்தது. பதினோரு வருடம் இருட்டில் காத்துக் கிடந்த விதைகள், வெயிலைக் கண்டதும், யார் சொல்லுக்கும் காத்திராமல் எழுந்தன. அறுகும் கொழுக்கட்டைப்புல்லும் முழங்கால் உயரத்துக்கு வந்தன. கொன்றைக்கு நடுவே மூச்சுத் திணறிக் கிடந்த நாலைந்து கிழட்டு நெல்லிமரங்கள் தலையை வெளியே நீட்டின. அடைமழை ஒன்பது நாள் பெய்து, பத்தாம் நாள் வெயில் வந்தபோது, ஊருக்குள் ஒரு மானின் நிழலும் இல்லை. மொக்கச்சாமி வேட்டு போட ஆள் அனுப்பினார்.

"மாசி வரட்டும்" என்றாள் ஒச்சம்மாள்.

"என்னத்தா இது, நல்ல நாள்ல?"

"மாசி வரட்டும் தலைவரே."

மாசி வந்தது. புல் காய்ந்து கம்பியாயிற்று. மாசி பத்தாம் தேதி, அவள் மறுபடியும் ஏற்றிக் கட்டியிருந்த பாத்திகளின் ஊடே, ஒவ்வொன்றாக, பழகிய வீட்டுக்குள் நுழைவதுபோல நிழல்கள் நுழைந்தன.

ஊரின் நெஞ்சு அன்றைக்கு உடைந்தது. மரத்தை இழந்தோம், நிழலையும் இழந்தோம் என்று பெண்கள் அவள் வாசலில் நின்று ஏசினார்கள். "இத்தனை புல்லு நிக்கிதே, காஞ்சாலும் புல்லுதானே, அதைத் தின்னா என்னவாம்?" என்று ஒருத்தி கேட்டாள்.

ஒச்சம்மாள் அவளைப் பார்த்தாள். "ஒனக்கு ஆவணியில விருந்து வச்சுட்டு, பங்குனியில பாயைத் தின்னுன்னு சொன்னா நீ திம்பியா? அதுகளுக்கு வயிறு பன்னெண்டு மாசமும் இருக்குடி. நாம நாலு மாசத்துக்குத்தேன் வழி பண்ணியிருக்கோம். இன்னும் மிச்சம் இருக்கு."

கேளுங்கள்: பசித்தவனுக்கு ஒரு நாள் இலை போட்டுவிட்டுக் கை கழுவுகிறவர்களே, கேளுங்கள். ஒரு வேளைச் சோறு இரக்கத்துக்கு அடையாளம். வருடத்தின் கடைசி நாள்வரை சோற்றுக்கு வழி செய்வதே அறம். கொழுந்துப்பட்டியின் ஐந்து தெருக்களும் அந்த மாசியில் அதைக் கற்றன. ஆடிச் சாரலில் புல் துளிர்க்கும்வரை மான்கள் படும் பஞ்ச மாதங்களைச் செல்லையா சொல்லச் சொல்ல, தெருவுக்கு ஒரு மாதமாகப் பிரித்துக்கொண்டார்கள். மேலத்தெருவுக்கு மாசி, அவர்கள் இலந்தை வைக்க வேண்டும். பள்ளிவாசல் தெருவுக்குப் பங்குனி. இலுப்பைப் பூ உதிரும் காலம். நடுத்தெருவுக்குச் சித்திரை, வெள்வேலங்காய் காய்ந்து விழ வேண்டும். கிணற்றுத் தெருவுக்கு வைகாசியும் அத்திப்பழமும், கீழத்தெருவுக்கு ஆனியும் நாவல்பழமும். ஏற்கெனவே கரட்டில் நின்ற கிழ மரங்களைச் சுற்றிக் கொன்றையை எடுத்து வெயில் விடுவது, இல்லாத இடத்தில் கன்று வைத்துக் குடத்தில் தண்ணீர் சுமப்பது, இவை அந்தந்தத் தெருவின் பாடு. ஒரு சட்டமும் போட்டார்கள்: இதுவரை மூட்டை மூட்டையாகப் பொறுக்கி வந்த நெல்லியையும் இலந்தையையும் இனி யாரும் தரையிலிருந்து எடுக்கக் கூடாது. மரத்தில் இருப்பதில் கைக்கு எட்டியது ஊருக்கு. மண்ணில் விழுந்தது மானுக்கு.

அதன்பிறகு அந்த ஊரில் மனிதர்களின் பெயர்கள் மாறின. மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களிடம், "மாப்பிள்ளை வைகாசி வீட்டுக்காரவுக" என்றார்கள். குழாயடிச் சண்டையில், "ஒங்க மாசத்துல எட்டு நெழலு எறங்குச்சே, நீ பேசுறியா?" என்று ஒருத்தி கேட்டால், மற்றவள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள், மறுநாள் அவள் தெருவே கரட்டில் நிற்கும். சிக்கந்தர் ராவுத்தர் பங்குனி ராவுத்தர் ஆனார்; இலுப்பைப் பூ ஒன்று தன் தாடியில் விழுந்ததை, மானுக்குச் சேர வேண்டியது என்று சொல்லி, எடுத்துத் தரையில் வைத்துவிட்டுத்தான் நடந்தார்.

எளிதாக நடந்தது என்று எண்ணாதீர்கள். கொன்றை மறுபடி மறுபடி முளைத்தது. கன்றுகள் கருகின. இரண்டாம் கோடையில் நாற்பது நிழல்கள் வந்தன. மூன்றாம் கோடையில் பதினேழு. ஒவ்வொரு கோடையிலும் ஒச்சம்மாள் தன் கொடிகளைப் படுக்கவைத்தாள். ஒவ்வொரு முறையும் சில எழுந்திருக்கவில்லை. ஒன்பது பாத்தி ஆறாயிற்று, ஆறு மூன்றாயிற்று. அந்த மூன்று இருக்கும்வரை விதைக்கொடி வெட்டி மறுபடி இருபத்துநாலு பாத்தியும் நடலாம். அதுவும் போனால் கொடிக்கால் அவளோடு சரி. கிணற்றில் அவளுக்குரிய தண்ணீர் மூன்று பாத்திக்கும் கரட்டுக் கன்றுகளுக்கும் சேர்ந்து போதாது. காலைத் தண்ணீரைக் கன்றுக்கும் மாலைத் தண்ணீரைக் கொடிக்கும் கொடுத்தாள். "பைத்தியக்காரி" என்று சிலர் சொன்னார்கள். அவள் குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு ஏறினாள்.

நான்காம் வருடம் மாசியில் இரண்டே நிழல்கள் வந்தன. அதில் ஒன்று சினையாக இருந்தது. மேலே மான் குட்டி போட்ட அதே பொழுதில், கீழே ஒச்சம்மாளின் இரண்டாம் பாத்தியில் அந்த நிழலும் குட்டி போட்டது. நாலு உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்ன நிழல், தள்ளாடி எழுந்து நின்றது. இலந்தை பழுத்து உதிர்ந்ததும் தாயின் நிழல் கரட்டுக்குத் திரும்பியது; மற்றதும் திரும்பியது. குட்டி போகவில்லை. அதற்குக் கரடு என்றால் என்னவென்று தெரியாது. அகத்தியின் நிழல்தான் உலகம் என்று அது நினைத்துவிட்டது.

பங்குனியில் ஒரு நிழலும் இறங்கவில்லை. சித்திரையிலும் இறங்கவில்லை. ஊர் முழுவதும் கொடி ஏற்றிக் கட்டினார்கள். ஒச்சம்மாளின் மூன்று பாத்தியில் மட்டும் நாளுக்கு நாள் ஓட்டை விழுந்தது.

"அது ஒண்ணு எம்புட்டுத் தின்னுரப் போகுது தங்கச்சி?" என்றார் ராவுத்தர். "ஒனக்கு விதைக்கொடி நான் தர்றேன். பச்ச மண்ணு, கெடந்துட்டுப் போகட்டும்." பள்ளிப் பிள்ளைகள் அதற்கு ஒரு பெயரே வைத்திருந்தார்கள், மதிய உணவு முடிந்ததும் வரிசையாக வந்து, தங்கள் கைநிழலை நீட்டிக் கடிக்கக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு ஓடினார்கள். மொக்கச்சாமி அதற்கு ஒரு சின்னப் பந்தல் போடலாமே என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒச்சம்மாள் நிமிர்ந்தாள்.

"தலைவரே, பந்தல் பேச்சை மட்டும் எடுக்காதீக. இது இங்கன தின்னு கொழுக்குது. இதுக்குச் சொந்தக்காரக் குட்டி மேல எப்படி நிக்கிதுன்னு நான் நேத்துப் பாத்துட்டு வந்தேன். ரெண்டு மாசத்துக் குட்டி. தாய்ப்பாலைத் தவிர இன்னும் எதையும் தொடத் தெரியல. குனிஞ்சு பாக்குது, தரையில தன்னோட சாடையைக் காணோம், பயந்து ஓடுது. பால் நிக்கிற அன்னிக்கு அது செத்துரும்."

"அப்ப என்ன செய்யப் போற?"

"கூட்டிட்டுப் போறேன்."

நிழலைக் கயிறு போட்டு இழுக்க முடியாது. கோல் வைத்து ஓட்ட முடியாது. அவள் அதற்குப் பிடித்ததைக் கொடுத்தாள். மறுநாள் காலை பத்து மணி வெயிலில் கொடிக்கால் வாசலில் போய் நின்று, தன்னுடைய நிழல் பாத்திக்குள் நீண்டு விழும்படி காட்டினாள். குட்டி மோந்து பார்த்தது. முந்தானையின் நிழலில் ஒரு வாய் கடித்தது. அவள் ஓர் அடி பின்னால் வைத்தாள். அது இன்னொரு வாய் கடித்தது. இப்படி, தன் நிழலைக் கொடுத்துக் கொடுத்து, அதை வண்டிப்பாதைக்கு அழைத்து வந்தாள். பஸ் நின்று வழிவிட்டது. ஓட்டுநர் எட்டிப் பார்த்து, பஸ்ஸின் பெரிய நிழல் குறுக்கே விழுந்து குட்டியை மயக்கிவிடக் கூடாதென்று, வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவனும் தன் நிழலை நீட்டவில்லை. ராவுத்தர் மட்டும் அவள் காலடித் தரையைப் பார்த்துப் பதறினார்.

"தங்கச்சி, ஒன் நெழலு இடுப்புவரைக்கும் போயிருச்சே!"

"மூணு நாள்ல தழைச்சுக்கும்ணே. நீங்க ஒரு பக்கமா நில்லுங்க, ஒங்க தொப்பை நெழலைப் பாத்து அது ஒங்க பின்னால வந்துரப் போகுது."

சரிவு முழுவதும் ஏறி முதல் வெட்டவெளியின் விளிம்பை அடைந்தபோது உச்சிப்பொழுது. அவளுக்குக் காலடியில் பாத அளவு நிழல்தான் மிச்சம், தலை கிறுகிறுத்தது, நாக்கு ஒட்டியது. வெட்டவெளியில் மான்கள் நின்றன, ஒவ்வொன்றும் தன் நிழலின் மேல். வெள்வேலங்காய்கள் மண்ணில் கிடந்தன. ஊற்றோரம் மட்டும் ஒரு கீற்றுப் பசும்புல் இருந்தது. அங்கே தாய்க்குச் சற்றுத் தள்ளி, நிழலே இல்லாத அந்தக் குட்டி, தரையைப் பார்க்க அஞ்சித் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

ஒச்சம்மாள் கடைசி அடியை எடுத்து வைத்தாள். சின்ன நிழல் அவள் பாதத்தடியில் மிஞ்சியிருந்ததையும் தின்று முடித்து, இனி எங்கே என்று நிமிர்ந்தது. அவளிடம் கொடுக்க இனி ஒன்றுமில்லை. அவள் ஒதுங்கிக்கொண்டாள்.

நிழல் நெடுநேரம் நின்றது. பிறகு வெயில் தகிக்கும் தரையில் தனியாக, தயங்கித் தயங்கி, நடந்தது. குட்டியின் நாலு குளம்புகளுக்கும் அடியில் போய் நின்றது. குட்டி உடல் நடுங்கியது, காது மடங்கியது, ஓடுவதற்குப் பின்னங்காலை ஊன்றியது, ஓடவில்லை. மெல்லக் குனிந்தது. கீழிருந்து அதே போன்ற ஒரு முகம் மேலே வந்தது. இரண்டு முகமும் ஒரே புல்லின் இரண்டு பக்கத்தில் தொட்டுக்கொண்டன.

பிறகு கடித்தன. ஒச்சம்மாள் காதுகொடுத்துக் கேட்டாள். வாய் இரண்டு, சத்தம் ஒன்று.